சாமிக்கு ஆகும் கிழங்கு

மலாய் நாட்டில் பீடோர்ப் பக்கம் வருடக் கடைசி மழை பிடித்துவிட்டால் தின்பதற்குப் பஞ்சமில்லை. மூங்கில் புதரில் குருத்து முட்டும். செம்பனை மரத்தடியில் காளான் வெடிக்கும். ரோட்டோரக் கடைகளில் அவரை மாதிரி நீளமான பெத்தாய்க் காய்கள் கட்டுக்கட்டாகத் தொங்கும். இரண்டாம் பருவ டுரியான் பழம் லாரியில் வந்து இறங்கும். கையில் காசில்லாதவன்கூட ஒரு கத்தியோடு காட்டுப் பக்கம் போனால் ஒரு சட்டிக் குழம்புக்கு வழி பண்ணிக்கொள்ளலாம். நான் அப்படிப் பல வருடம் தின்றவன். ஆனால் அந்தக் கார்த்திகையில் இவ்வளவும் கண்முன்னால் கிடந்தும், அக்கா வீட்டு அடுப்பில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதையும் ஏற்ற முடியவில்லை.

அக்கா போன் செய்தபோது நான் ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு தஞ்சோங் மாலிமில் காவல் வேலை. அதற்கும் முன்பு லாரியில் உதவியாள். பதினாலு வயதில் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குக் கால் ஓரிடத்தில் தங்காது.

"மச்சான் மாலை போட்டுருக்காரு," என்றாள் அக்கா.

"போன வருஷமும்தான் போட்டாரு."

"அதான் சொல்றேன். இது மூணாவது தடவ. முன்ன ரெண்டு தடவையும் பாதியிலயே கழட்டிட்டுக் குடிச்சாரு. குருசாமி போடவே மாட்டேன்னாரு. கால்ல விழுந்து போட வச்சிருக்கேன். நீ வந்து சமைச்சுப் போடு. நான் வேலைக்குப் போயிட்டா பகல்ல ஆளு இல்ல."

"எனக்கு இங்க வேலை இருக்கு லா."

"உனக்கு எப்படா வேலை இருந்துச்சு?"

மறுநாள் பஸ் ஏறினேன்.

மச்சான் குடிப்பவர் என்று சொன்னால் போதாது. தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போனது, அன்று பிடித்த சம்சுச் சாராயப் போத்தலை அவர் கீழே வைக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே விடும்போது டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை குடித்துவிட்டு இப்படி வந்தால் காப்பாற்ற முடியாது என்று சொல்லியனுப்பினார். கிளினிக்கில் கை நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், தீர்ந்ததும் வரச் சொன்னார்கள். மாத்திரை தீர்ந்தது. மச்சான் போகவில்லை. "மாலை போட்டாச்சு, இனி ஐயப்பன் பாத்துக்குவான்," என்றுவிட்டார். அக்காவும் அதையே நம்பினாள். அவளுக்கு நம்புவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. மாலை கழுத்தில் இருக்கும்வரை மனுஷன் உயிரோடிருப்பார் என்பதுதான் அவளுடைய கணக்கு.

அவர்கள் இருந்தது பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். வரிசையில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. குடியிருந்தது நான்கைந்து குடும்பம். பின்னால் ஓடை. ஓடைக்கும் வீட்டுக்கும் நடுவில், கம்பெனி கண்டும் காணாமலும் விட்ட ஒரு துண்டு நிலத்தில் அக்கா மரவள்ளி போட்டிருந்தாள்.

விடியுமுன்னே அவளைக் கொய்யாப்பழம் பொட்டலம் கட்டும் ஆலையின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மாதத்தில் அவள் தள்ளியிருக்கும் நாட்களில் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது, அடுத்த காலி வீட்டில் பாயைப் போட்டுக்கொள்வாள். ஆகவே குளித்துவிட்டு ஈரத்துணியோடு அடுப்பைப் பற்றவைக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. வெங்காயம், பூண்டு, முட்டை, கவிச்சி எதுவும் கிடையாது. கோழி வெட்டிய கை என்று அக்கா என்னை மஞ்சளில் கை கழுவ வைத்தாள்.

மாலை போட்டவரை முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது. கட்டிய பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் சாமி என்பார். இருபது வருடமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய் எனக்கு அடிக்கடி வழுக்கியது.

"மச்சான், சோறு போடவா?"

"சாமின்னு சொல்லு, சாமி."

"சாமி, சோறு போடவா, சாமி?"

"பசிக்கல, சாமி."

அதுதான் முதல் தொல்லை. அவர் சாப்பிடவில்லை. கறுப்பு வேட்டியும் கறுப்புத் துண்டுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி தண்ணீர் மடியில்தான் விழும். இரண்டு வாய்ச் சோறு, அதோடு தட்டைத் தள்ளிவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.

எதையாவது நாக்குக்குப் பிடித்ததாகப் போட்டால் சாப்பிடுவார் என்று நினைத்தேன். முதலில் ஓடைக்கரையில் மூங்கில் குருத்து வெட்டினேன். இரண்டு தண்ணீர் மாற்றி அவித்துக் கசப்பை எடுத்து, தேங்காய்ப்பால் விட்டு வைக்கலாம் என்று கணக்கு. அக்கா வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாக அதைப் போட்டோ பிடித்தாள். குருசாமிக்கு அனுப்பினாள். அந்த மனிதர் மணல் லாரி ஓட்டுகிறவர். பல வருடம் மலைக்குப் போய் வந்தவர். அவருடைய பதில் எப்போதும் குரலாகத்தான் வரும். பின்னால் லாரி இரைச்சல் இருக்கும்.

"சாமி சரணம். குருத்து வாயு, சாமி. உடம்பு சரியில்லாத சாமிக்கு வேணாம்."

மறுநாள் காளான். பழைய புற்றுமேட்டில் குடை விரிக்காத நல்ல மொக்குகள். நான் சின்ன வயதிலிருந்து பறிக்கும் இனம். போட்டோ போனது.

"காளான் கறி மாதிரி, சாமி. கறி நெனப்பு வரும். ஆகாது."

"கறி நெனப்பு எனக்கே வருது, சாமி," என்றேன் போனுக்குள். அக்கா என் தலையில் குட்டினாள்.

பெத்தாய்க்கு வாடை என்றார். டுரியானுக்குச் சூடு, அதுவும் மாலை போட்ட உடம்பில் தேவையில்லாத சூடு என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பூசணிக்குக் குளிர்ச்சி. பலாக்காய்க்கு மறுபடி வாயு. மழைக்காலத்தில் மண்ணில் விளைந்த எதற்கும் ஒரு குற்றம் இருந்தது. கடைசியில் நானே கேட்டேன்.

"அப்ப என்னதான் ஆகும், சாமி?"

"கெழங்கு இருக்குல்ல, சாமி? மரவள்ளிக்கெழங்கு. அதுல ஒரு பாவமும் இல்ல."

எனவே கிழங்கு. அவித்துத் தேங்காய்ப்பூ போட்டேன். சீவிக் காயவைத்து வறுத்தேன். துருவிப் பிழிந்து புட்டாக அவித்தேன். இடித்து, மிளகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். கொழுந்து இலையைக்கூட விடாமல் பாலில் வேகவைத்தேன். வெங்காயம் இல்லாமல் எல்லாமே மூளியாக இருந்தது. அவர் நுனிவிரலால் எடுத்து வைத்துக்கொண்டு, என்னமோ மருந்து மாதிரி விழுங்கினார். சில நேரம் விழுங்கியது திரும்பி வந்துவிடும். அக்கா வேனை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்ளோ சாப்பிட்டாரு?" என்பதுதான். நான் கூட்டித்தான் சொன்னேன். அவள் சட்டியைத் திறந்து பார்த்துக் குறைத்துக்கொள்வாள்.

மழை விடவே இல்லை. ஓடை ஏறிக் கொல்லைக்குள் வந்தது. மரவள்ளிக்குக் காலில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். அழுகுமுன்னே பிடுங்கியாக வேண்டும். அக்காவும் நானும் மழையில் நின்று தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினோம். இரண்டு பேர், மூன்று பேர் தின்று தீர்க்கிற அளவா அது? லயத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். ஒரு சாக்கை ஓடைக்கு அந்தப்பக்கம் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில் இருந்த மக்சிக்குக்குக் கொடுத்தோம்.

எல்லோரும் அத்தை என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிடும் அந்த மலாய்க்கார அம்மாள் தோட்டத்தை ஒட்டியே பிறந்து வளர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கிழங்குச் சாக்கைச் சும்மா வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நாலு நாள் கழித்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார்.

"உன் வீட்டு சாமிக்குக் கொண்டாந்தேன். ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறாராமே."

"டாகிங் எதுவும் இல்லல்ல, மக்சிக்?" அக்கா முதலில் கறியைத்தான் கேட்டாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதா? உன் கெழங்குதான். வேறென்ன? சட்டிகூடப் புதுசு லா. கறி வச்ச சட்டி இல்ல."

சட்டிக்குள் ரப்பர் இலையில் மடித்த பொட்டலங்கள். தாப்பாய். கிழங்கை அவித்து ஆறவைத்து, புளிக்கவைக்கும் மாவுருண்டையைப் பொடித்துத் தூவி, இலையில் மடித்து மூடிவைத்தால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு மாதிரி இளகி, தேனாகத் தண்ணீர் விடும். எங்களுக்கு அது புதிதல்ல. பள்ளிக்கூட வாசலில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில், நோன்புப் பெருநாளுக்கு, எங்கே பார்த்தாலும் விற்கும் பண்டம். மலாய்க்காரர்கள் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள்.

அக்கா இலையைப் பிரித்துப் போட்டோ அனுப்பினாள்.

"இது என்ன, சாமி?" குருசாமிக்கு லாரி ஆட்டத்தில் படம் சரியாகத் தெரியவில்லை போல.

"கெழங்குப் பலகாரம், சாமி. இனிப்பு."

"முட்டை?"

"இல்ல, சாமி."

"நெய்?"

"அதுவும் இல்ல, சாமி."

"அப்ப தாராளமா குடுங்க. மொதல்ல படத்துக்கு வச்சிட்டுக் குடுங்க."

கறி, முட்டை, வெங்காயம், பூண்டு, வாயு, சூடு, குளிர்ச்சி. எல்லாம் கேட்டாயிற்று. கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குடி என்றால் எங்களுக்குப் போத்தல், கள்ளுக்கடை, சீனன் கடைப் பின்வாசல். ரப்பர் இலையில் மடித்த கிழங்கில் அது உட்கார்ந்திருக்கும் என்று யாருக்கு நினைப்பு வரும்?

ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, அக்கா ஒரு பொட்டலத்தை அவர் தட்டில் வைத்தாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லவில்லை. நாக்கின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அடுத்த துண்டை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். இலையில் தேங்கிய தண்ணீரை மடித்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

"இன்னும் இருக்கா?"

மாலை போட்டதிலிருந்து அவர் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அக்காவின் முகம் எப்படி ஆகிவிட்டது என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. சட்டியோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "சாப்பிடுங்க, சாமி. சாப்பிடுங்க." அவர் தின்னத் தின்ன, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டி பாதி காலியான நேரம் அவர் டம்ளரை ஒரு கையால் எடுத்துத் தண்ணீர் குடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புளித்த கிழங்குக்குள் இருந்த குடிதான் அந்தக் கையின் நடுக்கத்தை நிறுத்தியிருந்தது.

அக்கா சட்டியைக் கழுவப் போனதும் கிட்டே போனேன்.

"சாமி, அதுல..."

"தெரியும்டா, மச்சான்," என்றார். சாமி என்று சொல்லவில்லை. "மொத வாயிலேயே தெரியும்."

"தெரிஞ்சே ஏன் தின்னீங்க?"

"உங்கக்கா முகத்தப் பாத்தல்ல? எடுத்துட்டுப் போன்னு நான் எப்படிச் சொல்றது?"

அது உண்மையாகவும் இருந்தது, பொய்யாகவும் இருந்தது. அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார். "கெழங்குதானே. குருசாமியே சொல்லிட்டாரு."

அன்றிரவே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாய் விரித்தாள். மறுநாள் மக்சிக்கிடம் போய் இன்னும் செய்து தரச் சொன்னாள். இன்னொரு சாக்கு கிழங்கு கொடுத்தாள். மச்சான் காலையில் எழுந்ததும் "ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஆகவில்லை என்றால் கோபம் வந்தது. என் அவித்த கிழங்கைத் தட்டோடு முற்றத்தில் வீசினார். அடுத்த சட்டி வந்தபோது கிழங்கைக்கூட அவர் பார்க்கவில்லை. அடியில் தேங்கியதைத்தான் முதலில் குடித்தார். "நல்லா புளிக்க வச்சுக் குடுக்கச் சொல்லு. இது பத்தல," என்றார் அக்காவிடம். அவள் தலையாட்டினாள்.

ஓடை மறுபடி ஏறிய ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகாமல் அக்கா மிச்ச வரிசைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை தண்ணீர். நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, தாப்பாய் புளிச்சா அது குடி மாதிரிதான். அவரு கெழங்கு திங்கல. குடிக்கிறாரு."

அவள் பிடித்திருந்த தண்டை விடவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மக்சிக்குக்கு?"

"அவங்களுக்கு அது பலகாரம்."

"உனக்கு எப்ப தெரியும்?"

சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தண்டை ஆட்டிப் பிடுங்கினாள். கிழங்கில் பாதி அழுகியிருந்தது. அழுகிய பக்கத்தை ஒடித்து எறிந்துவிட்டு நல்லதைச் சாக்கில் போட்டாள். அடுத்ததைப் பிடுங்கினாள். குருசாமியிடம் கேட்கலாமா என்றேன்.

"கேட்டா மாலைய எறக்கச் சொல்லுவாரு. எறக்கிட்டா மறுநாளு கடைக்குப் போயிடுவாரு. கேக்காத. யாருகிட்டயும் கேக்காத."

சாக்கை நான் தூக்கிக்கொண்டேன். வீட்டுக்குள் போனதும் மச்சான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"மக்சிக் வீட்டுக்குப் போனியா, சாமி?"

"போகல."

"போயிட்டு வா."

"போக மாட்டேன்," என்றாள் அக்கா. அவள் புடவையிலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் சொட்டியது. "இனி அது இந்த வீட்டுக்கு வராது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லிட்டியா?" என்றார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார். "சரி. நானே போயி வாங்கிக்கிறேன்."

"போங்க. மாலைய கழட்டி என் கையில குடுத்துட்டுப் போங்க."

அக்கா கையை நீட்டினாள். அவர் துளசிமணி மாலையில் கை வைத்தார். மேலே தூக்கினார். மாலை காதுவரை ஏறியது. பல வாரமாக வெட்டாத முடியிலும் தாடியிலும் மணி சிக்கிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. அது தலையைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று தெரியும். எட்டிப் பிடிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

"நீயே கழட்டுடி," என்றார். குரல் உடைந்திருந்தது.

அக்கா நீட்டிய கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட்டதில்ல. நான் கழட்ட மாட்டேன்."

ஒரு காதின் மேல் மாலையோடு அவர் வாசற்படியில் நின்றார். மழை முகத்தில் அடித்தது. ஓடைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டதை நான் பார்த்திருந்தேன். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பார். பிறகு ஒரு கையால் மாலையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்தார். உடம்பு முழுக்க ஆடியது. அழுகிறாரா, நடுக்கமா என்று பிரிக்க முடியவில்லை.

"மாத்திரை குடுத்தாங்கல்ல, அந்தக் கிளினிக்," என்றார். "அது திறந்திருக்குமா?"

"திங்கக்கெழமதான்," என்றாள் அக்கா.

"திங்கக்கெழம வரைக்கும் என்னால முடியாது."

"அப்ப இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க எந்நேரமும் ஆளு இருக்கும்."

"இந்தக் கோலத்துலயா?"

"சாமி எந்தக் கோலத்துலயும் போலாம்."

பின்வரிசை வீட்டில் ஒரு பழைய வேன் இருந்தது. நான் நனைந்துகொண்டே ஓடிப்போய்க் கேட்டேன். மழை கொஞ்சம் தணிந்ததும் எடுக்கிறேன் என்றார் அந்த அண்ணன். திரும்பி வந்தபோது அக்கா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாடியில் சிக்கியிருந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மாலையைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. வேன் வர்றதுக்குள்ள ரெண்டு அவிச்சுக் குடு," என்றாள் என்னிடம்.

சாக்கிலிருந்து நாலு கிழங்கை எடுத்துச் சீவினேன். மூன்றில் கறுப்பு நரம்பு ஓடியிருந்தது. கழித்தது போக மிஞ்சியதைச் சட்டியில் போட்டு நெருப்பைக் கூட்டினேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்தது. கிழங்கு வெடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல், வேனின் விளக்கு லயத்து முனையில் திரும்பியது. வடித்து, உப்பைத் தூவி, தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா ஒரு துண்டைப் பிட்டு ஊதி அவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார். துப்பவில்லை.

"வேகல," என்றார்.

"வழியில மென்னுக்கிட்டே வாங்க," என்றாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்துச் சேற்றில் இறக்கினாள்.